கரையும் பாறையின் மேல் ஒரு காடு

ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் இரண்டரை கிராம் ஜிப்சத்தைக் கரைத்துத் தன்னோடு கொண்டுபோய்விடும். சுண்ணாம்புக்கல் வெறும் தண்ணீரில் இதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. சாப்பாட்டு உப்போ 350 கிராமுக்கு மேல் கரையும். கனடாவின் வடமேற்கில், அறுபதாவது வட அட்சக்கோட்டின் இருபுறமும் பரந்து கிடக்கும் வுட் பஃபலோ தேசியப் பூங்காவைப் புரிந்துகொள்ள இந்த மூன்று கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே காலடியில் கிடப்பவை பெரும்பாலும் இந்த மூன்றும்தான். எங்கே எது இருக்கிறது, அதைத் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் அரிக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த விலங்கு எங்கே வாழும் என்பது முடிவாகிறது.

வுட் பஃபலோ கனடாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. பரப்பு 44,741 சதுர கிலோமீட்டர். சுவிட்சர்லாந்து முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். தெற்குப் பகுதி ஆல்பர்ட்டா மாகாணத்திலும் வடக்குப் பகுதி வடமேற்குப் பிரதேசத்திலும் இருக்கிறது. கருப்பு ஸ்புரூஸ், வெள்ளை ஸ்புரூஸ், ஜாக் பைன், சதுப்பு ஓரங்களில் டாமராக், நடுநடுவே ஆஸ்பென் என்று எல்லாம் போரியல் காட்டின் வழக்கமான மரங்கள்தான். விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு, சைபீரியாவிலிருந்து லாப்ரடார்வரை வடபுலத்தைச் சுற்றிக் கிடக்கும் ஊசியிலைக் காட்டுப் பட்டையின் இன்னொரு துண்டாகவே இது தெரியும். ராக்கி மலைப் பூங்காக்களில் இருப்பதுபோலப் பனிச்சிகரமோ படம் எடுத்து அனுப்பத் தோதான ஏரிக்கரை விடுதியோ இங்கே இல்லை.

1922இல் இதைப் பூங்காவாக அறிவித்தவர்கள் பாறையைப் பற்றி யோசிக்கவில்லை. வேட்டையில் அழிந்தது போக எஞ்சியிருந்த காட்டுப் பைசன்களைக் காப்பதே அவர்கள் நோக்கம். பூங்காவுக்குப் பெயர் தந்த அந்த விலங்குக்கே அங்கே மிகப் பெரிய கேடு நேர்ந்தது. அறிவித்தபோது எவர் நினைப்பிலும் இல்லாத ஒரு பறவையோ அதே எல்லைக்குள் அழிவின் விளிம்பிலிருந்து மீண்டது. முன்னதில் அதிகாரிகளின் கை நீண்டது. பின்னதில் எவர் கையும் எட்டாதபடி நிலம் பார்த்துக்கொண்டது. இந்தப் பூங்காவின் நூறாண்டு வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: சட்டத்தைவிட இங்கே பாறையும் நீரும் நல்ல காவலர்களாக இருந்திருக்கின்றன, அவற்றை அவற்றின் போக்கில் விட்டவரையில்.

கடல் வற்றிய மிச்சம்

சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், இந்த நிலம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தது. மேலே ஆழமற்ற வெதுவெதுப்பான கடல். அதன் வாயிலைப் பவளத்திட்டுகள் அடைத்துக்கொண்டதால் உள்ளே சிக்கிய நீர் திரும்பத் திரும்ப வற்றியது. கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம், கடைசியில் உப்பு. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தியிலிருந்து பாத்திக்கு நீரை மாற்றுகிறவர்கள் அறிந்த அதே வரிசை. உப்பு விளைவதற்கு முந்தைய பாத்தியின் அடியில் ஜிப்சம் கெட்டிப்படுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு பருவத்து வேலை இங்கே பல லட்சம் ஆண்டுகள் நடந்தது. அடுக்கடுக்காகச் சுண்ணாம்புக்கல், டோலமைட், ஜிப்சம், பாறை உப்பு. பீஸ் ஆற்றின் கரையில், பீஸ் பாயின்ட்டை அடுத்து, ஆறு அறுத்த இடங்களில் ஜிப்சம் வெள்ளைச் செங்குத்துச் சுவராக வெளியே தெரிகிறது.

பூங்காவின் கிழக்கு விளிம்பில் கதை வேறு. அங்கே கனடியக் கேடயம் எனப்படும் பழம்பாறையின் ஓரம் வந்து முட்டுகிறது. கிரானைட்டும் நைஸ் பாறையும் கொண்ட அந்த அடித்தளத்துக்கு வயது ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள். கரையும் பாறையும் கரையாப் பாறையும் சந்திக்கும் கோட்டை ஒட்டியே ஸ்லேவ் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. ஃபோர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஃபோர்ட் ஸ்மித் என்ற ஆற்றங்கரை ஊர்களுக்கு இடையில் கேடயப் பாறை ஆற்றுக்குக் குறுக்கே வருவதால் நான்கு இடங்களில் நீர் கொதித்துப் பாய்கிறது. அவற்றில் ஒன்றுக்கு ‘மூழ்கியவர்களின் பாய்ச்சல்’ என்று பெயர். 1786இல் தோல் வணிகத்துக்குப் படகில் வந்த ஐந்து பேர் அங்கே மாண்டார்கள். மனிதர் நெருங்க அஞ்சும் அந்தப் பாய்ச்சல்களின் நடுவே உள்ள பாறைத் தீவுகளில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அந்த இனம் குஞ்சு பொரிக்கும் இடங்களில் வடகோடி அதுதான். நரியும் ஓநாயும் நீந்திக் கடக்க முடியாத நீர் நாற்புறமும் இருக்கும்போது, கூடு வெறும் தரையில் இருந்தாலும் பாதகமில்லை.

இந்தப் பாறைகளின் மேல் இன்று கிடக்கும் மணலும் களிமண்ணும் பனிக்காலத்தின் வேலை. லாரன்டைட் பனிப்பாளம் பின்வாங்கியபோது உருகிய நீர் தேங்கி மெக்கானல் எனப்படும் மாபெரும் ஏரி உண்டானது. இன்றைய கிரேட் பேர், கிரேட் ஸ்லேவ், அத்தபாஸ்கா ஏரிகள் மூன்றும் அந்த ஒரே ஏரி சுருங்கியதில் தங்கிய துண்டுகள். அந்த ஏரியின் தட்டையான அடித்தளமே பூங்காவின் பெரும்பகுதி. நீருக்கு வடியும் வழி தெரியாத சமநிலம், அதன் அடியில் நீர் பட்டால் கரையும் பாறை. மற்றதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்ததன் விளைவு.

தரை உள்வாங்கும் இடங்கள்

ஜிப்சம் அடுக்குக்குள் நீர் புகுந்தால் முதலில் விரிசல் அகலும். பிறகு குகையாகும். ஒருநாள் கூரை தாங்காமல் மேலிருக்கும் மண்ணும் மரமும் சேர்ந்து உள்ளே போகும். பூங்காவின் காட்டில் நடப்பவர்கள் எச்சரிக்கை இல்லாமலே இப்படிப்பட்ட குழிகளின் விளிம்புக்கு வந்துவிடுவார்கள். சில உலர்ந்தவை, அடியில் சாய்ந்த ஸ்புரூஸ் மரங்களோடு இருக்கும். சில நீர் நிறைந்தவை. ஃபோர்ட் ஸ்மித்திலிருந்து தெற்கே செல்லும் சாலையோரம் உள்ள பைன் ஏரி, அருகருகே இருந்த பல குழிகள் ஒன்றாகி உண்டானது. அதற்கு நீர் தருவது நிலத்தடி ஊற்றுகள். சுற்றியுள்ள சதுப்பு ஏரிகள் தேநீர் நிறத்தில் இருக்க, இது மட்டும் நீலப்பச்சையாகத் தெளிந்திருக்கும். நையர்லிங் ஆறு வழியில் கொஞ்ச தூரம் பூமிக்குள் இறங்கி ஓடி மறுபடி வெளியே வருகிறது.

இந்தக் குழிகளால் பிழைக்கும் உயிர்களில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது செம்பக்கக் கார்ட்டர் பாம்பு. சனவரியில் இங்கே வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிவரை இறங்கும். பல இடங்களில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். குளிர்ரத்தப் பிராணி ஒன்று இங்கே இருக்கவே கூடாது. உப்பாற்றின் அருகே ஜிப்சத்தில் விழுந்த விரிசல்கள் உறைபனி எட்டாத ஆழம்வரை இறங்குகின்றன. பாம்புகள் இலையுதிர் காலத்தில் அவற்றுக்குள் கூட்டமாகப் புகுந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும், குழியின் நிழற்பக்கத்தில் பனி இன்னும் கிடக்கும்போதே, வெயில் படும் பக்கத்துக் கல்லிடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். முதலில் வருபவை ஆண்கள். வாசலிலேயே காத்துக் கிடக்கும். பெரிய பெண் பாம்பு ஒன்று வெளிவந்ததும் பல ஆண்கள் அதன்மேல் பின்னிக்கொண்டு ஒரு பந்தாக உருளும். சில நாளில் இனச்சேர்க்கை முடிந்து எல்லாம் சதுப்புகளுக்குக் கலைந்துவிடும். இந்தப் பாம்பு இனம் வாழும் வடஎல்லை இது. தட்பவெப்ப வரைபடம் போட முடியாத எல்லையைப் பாறையின் விரிசல் போட்டிருக்கிறது. இந்த வட்டாரத்துக் குகைகளில் சிறு பழுப்பு வௌவால்களும் இதே தந்திரத்தால்தான் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன.

அடுத்தது உப்பு. மேற்கிலுள்ள மேட்டுநிலத்தில் இறங்கும் மழைநீர் ஆழத்திலுள்ள பாறை உப்பைக் கரைத்துக்கொண்டு, மேட்டின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. நீர் ஆவியானதும் உப்பு தங்குகிறது. இப்படிச் சில நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் மரமில்லாத வெண்ணிலம் ஒன்று காட்டின் நடுவே கிடக்கிறது. ஊற்றுக்கண்ணைச் சுற்றி உப்பு திட்டுத்திட்டாக உயர்ந்திருக்கும். ஓரங்களில் வளரும் சாலிகோர்னியா செடி இலையுதிர் காலத்தில் ரத்தச் சிவப்பாகிவிடும். வேதாரண்யத்து உப்பங்கழிகளில் நாம் உமரி என்று பறிக்கும் செடியின் நேர் உறவு அது. கடலிலிருந்து நெடுந்தொலைவில், ஸ்புரூஸ் காட்டுக்குள் கடலோரத் தாவரம்! நாற்பது கோடி ஆண்டுகளை எட்டும் பழைய கடல் இன்னும் அங்கே உப்புக்கரையை நடத்திக்கொண்டிருக்கிறது.

உப்புவெளியின் ஈரச்சேறு தடங்களை நன்றாகப் பிடித்துவைக்கும். அதன்மேல் நடக்கிறவர்களைக் காலணியைக் கழற்றச் சொல்வார்கள். சேற்றில் முதலில் கண்ணில் படுவது பைசன் குளம்பு: கையகலத்துக்கு வட்டமாக, நடுவில் பிளவோடு, ஆழமாக. அதன் விளிம்பை அழுத்தியபடி ஓநாயின் நான்கு விரல் தடம். குறுக்கே கரடி. பைசன்கள் உப்புக்காக மட்டும் இங்கே வருவதில்லை. உப்புவெளியைச் சுற்றிய புல்வெளியில் மேய்ச்சல் உண்டு. எல்லாத் திசையும் திறந்து கிடப்பதால் ஓநாய் வருவதும் தெரியும்.

மனிதர்களும் உப்புக்கு வந்தார்கள். இந்த நிலத்துப் பழங்குடிகளான டெனே மக்கள் இங்கே உப்பெடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உப்பாற்றங்கரையில் குடியிருந்த பொலியூ குடும்பத்தார் தோல் வணிகம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கு உப்பு விற்றார்கள். மெக்கன்சி ஆற்று வணிகத்தில் மீனும் இறைச்சியும் கெடாமல் இருந்ததற்கு இந்த உப்புக்கும் பங்குண்டு.

யாரும் நடக்க முடியாத குட்டைகள்

வட அமெரிக்காவின் மிக உயரமான பறவை ஹூப்பிங் கொக்கு. நின்றால் ஒன்றரை மீட்டர். உடல் வெள்ளை, சிறகு நுனி கருப்பு, உச்சந்தலை சிவப்பு. 1941இல் உலகம் முழுவதிலும் இருபது சொச்சம் பறவைகளே உயிரோடு இருந்தன. டெக்சாஸ் கடற்கரையின் அரான்சாஸில் குளிர்காலத்தைக் கழிக்கும் கூட்டம் அதில் பதினைந்து, பதினாறு மட்டும். வசந்தத்தில் அவை வடக்கே பறந்துபோகும். எங்கே போய் முட்டையிடுகின்றன என்பது எவருக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் விமானத்தில் தேடினார்கள். சஸ்காச்சவானிலிருந்து ஆர்க்டிக் கரைவரை போனார்கள். கிடைக்கவில்லை.

1954 ஜூன் 30 அன்று, பூங்காவின் வடக்கே காட்டுத்தீயைப் பார்வையிட்டுத் திரும்பிய ஹெலிகாப்டரிலிருந்து இரண்டு பேர் கீழே வெள்ளைப் பறவைகளைக் கண்டார்கள். கூடவே செம்பழுப்பு நிறக் குஞ்சும். செய்தி ஃபோர்ட் ஸ்மித்தில் இருந்த உயிரியலாளர் வில்லியம் ஃபுல்லருக்கு எட்ட, அவர் நேரில் பறந்து பார்த்து உறுதிசெய்தார். தேடிய கூடு முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு, பறவைகளைக் காக்கும் ஆடுபான் சங்கத்தின் ராபர்ட் போர்ட்டர் ஆலன் தரைவழியாக அங்கே போக முயன்றார். அவருடைய பாடு அந்த நிலத்துக்கான சான்றிதழ். படகில் போனால் ஆற்றை மரக்குவியல் அடைத்திருக்கிறது. இறங்கினால் காடு விடுவதில்லை. சாஸ், க்ளூவி, நையர்லிங் ஆறுகளின் தலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான குட்டைகள் வலைபோலக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் முழங்கால் அளவு ஆழம். அடியில் சுண்ணாம்புச் சேறு. குட்டைக்கும் குட்டைக்கும் இடையில் வில்லோவும் குள்ளமான கருப்பு ஸ்புரூஸும் பின்னிய குறுகிய வரப்பு. நீர் வடியாத பழைய ஏரித்தளமும் அதன் கீழே கரைந்து அமிழும் பாறையும் சேர்ந்து செய்த நிலம் இது. பயிரிட முடியாது, மரம் வெட்ட முடியாது, நடக்க முடியாது. கொக்குக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. குட்டையின் நடுவே கோரையைக் குவித்துக் கூடு. நாற்புறமும் அகழி. குஞ்சுக்கு இரையாகத் தட்டான் பூச்சியின் இளம்புழுக்கள் நீரிலேயே கிடைக்கும். மழை குறைந்து குட்டைகள் வற்றும் ஆண்டுகளில் நரியும் ஓநாயும் கூட்டுக்கு எட்டுகின்றன. குஞ்சுகளின் சாவு அப்போது கூடுகிறது. காவல் நீருடையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மனிதர் உதவி ஒன்று உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. இந்தக் கொக்கு வழக்கமாக இரண்டு முட்டையிடும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். 1967 முதல் கனடிய வனவிலங்குத் துறையின் எர்னி கைட் கூடு கூடாகப் போய், இரண்டில் ஒன்றை எடுத்து, கம்பளிக் காலுறைக்குள் வைத்து ஹெலிகாப்டருக்குக் கொண்டுவந்தார். அந்த முட்டைகள் மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் ஆய்வு மையத்துக்குப் போய், கூண்டில் வளரும் ஒரு மாற்றுக் கூட்டத்துக்கு விதையாயின. வுட் பஃபலோவுக்கும் அரான்சாஸுக்கும் இடையே சுமார் 4,000 கிலோமீட்டர் போய்வரும் இயற்கைக் கூட்டம் இன்று ஐந்நூறைத் தாண்டிவிட்டது. கடைசி நம்பிக்கையாக இருந்த அந்தப் பதினைந்து, பதினாறிலிருந்து வந்தவை அத்தனையும்.

6,673 விருந்தாளிகள்

பைசன் விவகாரம் இதற்கு நேர்மாறு. காட்டுப் பைசன் அதன் தெற்கத்திய உறவான சமவெளிப் பைசனைவிடப் பெரியது, நிறத்திலும் அடர்ந்தது. முதிர்ந்த காளை 900 கிலோவையும் தாண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சில நூறாகக் குறைந்திருந்த இவை, வேட்டைத் தடையால் 1922இல் சுமார் 1,500 ஆகியிருந்தன. அப்படியே விட்டிருந்தால் போதும்.

அதே காலத்தில் ஆல்பர்ட்டாவின் கிழக்கே வெயின்ரைட்டில் அரசு வளர்த்த சமவெளிப் பைசன்கள் வேலிக்குள் பெருகி மேய்ச்சல் போதாமல் தவித்தன. மாடுகளிடமிருந்து காசநோயும் அவற்றுக்குத் தொற்றியிருந்தது. கொல்லப் போனால் பொதுமக்கள் எதிர்ப்பார்கள். ஆகவே வடக்கே அனுப்பிவிட முடிவானது. பாலூட்டிகளை ஆராய்ந்தவர்கள் எச்சரித்தார்கள்: நோய் பரவும், இரண்டு இனமும் கலந்துவிடும். 1925க்கும் 1928க்கும் இடையில் 6,673 சமவெளிப் பைசன்கள் ரயிலிலும் பிறகு தெப்பப் படகிலும் ஏற்றிவரப்பட்டுப் பூங்காவில் இறக்கப்பட்டன. வீட்டுக்காரர் 1,500, விருந்தாளி 6,673. வந்தவை தெற்கே மேய்ச்சல் தேடிப் போனதால் பூங்காவின் எல்லையையே 1926இல் பீஸ் ஆற்றுக்கு அப்பால் நீட்டினார்கள். அந்த விரிவாக்கம் டெனே மக்கள் பலரைத் தலைமுறையாக வாழ்ந்த இடத்திலிருந்து வெளியே தள்ளியது. 1899இல் கையெழுத்தான எட்டாம் உடன்படிக்கை அவர்களுக்கு வேட்டை உரிமையை உறுதி செய்திருந்தது என்பது நினைவில் இருக்கட்டும்.

எச்சரித்ததெல்லாம் நடந்தது. காசநோயும், கருவைச் சிதைக்கும் புருசெல்லோசிஸும் மந்தையில் நிலைத்துவிட்டன. இனங்கள் கலந்தன. 1950களிலும் 60களிலும் ஹே கேம்ப், ஸ்வீட்கிராஸ் என்ற இடங்களில் பூங்காவுக்குள்ளேயே இறைச்சிக் கூடம் அமைத்துப் பைசன்களை வெட்டி விற்றார்கள். தேசியப் பூங்கா என்ற பெயருக்குள் என்னென்ன அடங்கும் என்று யோசிக்க வைக்கும் செய்தி. இதற்கு மேல் அடைப்பான் நோயும் வந்தது. அதன் கிருமி மண்ணில் பல்லாண்டு உறங்கி, வறண்ட வெயில்காலங்களில் விழிக்கும்.

1957இல் நையர்லிங் ஆற்றுப் பக்கம், சதுப்புகளால் மற்றவற்றிலிருந்து விலகி நின்ற ஒரு சிறு மந்தையை விமானத்திலிருந்து கண்டார்கள். உருவில் பழைய காட்டுப் பைசனையே அவை ஒத்திருந்தன. கொக்கைக் காத்த அதே ஈரநிலம் கலப்பையும் பெருமளவு தடுத்திருந்தது. அங்கிருந்து 1963இல் பதினெட்டு மாடுகள் மெக்கன்சி சரணாலயத்துக்கும், 1965இல் இன்னொரு தொகுதி எல்க் ஐலண்ட் பூங்காவுக்கும் கொண்டுபோகப்பட்டன. எல்க் ஐலண்டில் நோய் நீக்கி வளர்த்தவற்றின் வாரிசுகள் இன்று யூக்கான், அலாஸ்கா, ரஷ்யாவின் யாக்கூட்டியாவரை பரவியிருக்கின்றன. 1990இல் அரசு அமைத்த குழு ஒன்று, பூங்காவிலுள்ள நோயுற்ற மந்தை முழுவதையும் கொன்றுவிட்டு நோயில்லாத மாடுகளைக் கொண்டுவரலாம் என்றது. எதிர்ப்பு எழ, திட்டம் நடக்கவில்லை. என் கருத்தில் அது நல்லதாயிற்று. ஒரு முறை கூட்டிக்கொண்டு வந்தவர்கள் மறுமுறை கூட்டிப்பெருக்கவும் தங்களால் முடியும் என்று நம்பியது ஒரே மனநிலையின் இரு முகம்.

நோயோடும் மந்தை வாழ்கிறது. ஓநாய்களும் வாழ்கின்றன. பைசனும் ஓநாயும் இடைவிடாமல் ஒன்றையொன்று அறிந்து வந்திருக்கும் இடங்கள் உலகில் மிகச் சில. அதில் இது முதன்மையானது. உயிரியலாளர் லூ கார்பின் 1970களிலிருந்து இந்த வேட்டையைக் கவனித்து எழுதினார். மந்தை நின்று எதிர்கொண்டால் ஓநாய்கள் பெரும்பாலும் விலகிப்போகும். மந்தை ஓடத் தொடங்கினால்தான் கன்று பின்தங்கும். ஆகவே ஓநாய்கள் செய்யும் முதல் வேலை ஓட வைப்பது. சில வேட்டைகள் மணிக்கணக்கில் நீளும்.

பின்னோக்கி ஓடும் ஆறு

பூங்காவின் தென்கிழக்கு மூலையில் பீஸ், அத்தபாஸ்கா, பர்ச் ஆறுகள் சேர்ந்து உண்டாக்கிய உள்நாட்டு டெல்டா இருக்கிறது. நன்னீர் டெல்டாக்களில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. வட அமெரிக்காவின் நான்கு பறவை வலசைப் பாதைகளும் இங்கே சந்திக்கின்றன. இலையுதிர் காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இறங்கும். பைசனின் சிறந்த மேய்ச்சலான கோரை வெளிகளும் இங்கேதான்.

டெல்டா இயங்கும் விதம் விசித்திரமானது. சாதாரண நாளில் அத்தபாஸ்கா ஏரியின் நீர் வடக்கே ஓடிப் பீஸ் ஆற்றோடு சேர்ந்து ஸ்லேவ் ஆறாகிறது. ஏப்ரல் கடைசியில் பீஸ் ஆற்றின் பனி உடையும். உடைந்த பாளங்கள் ஓரிடத்தில் சிக்கி அணைபோல் நின்றால் நீர்மட்டம் கிடுகிடுவென ஏறும். அப்போது இணைப்புக் கால்வாய்களில் நீர் திரும்பி ஏரியை நோக்கி ஓடும், கரை மீறிப் பரவும். ஆற்றோடு எந்தக் கால்வாய்த் தொடர்பும் இல்லாத மேட்டுக் குட்டைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றை நிரப்பக்கூடியது இந்தப் பனியடைப்பு வெள்ளம் ஒன்றுதான். இங்கே மழையைவிட ஆவியாதல் அதிகம் என்பதால், சில ஆண்டு வெள்ளம் வராவிட்டால் குட்டை வற்றும், கோரை போய் வில்லோப் புதர் ஏறும், கஸ்தூரி எலிகள் காணாமல் போகும். வெள்ளம் கொடியதும்தான். 1974இல் அது சுமார் 3,000 பைசன்களை மூழ்கடித்தது. அதே வெள்ளம் இல்லாமல் மேய்ச்சலும் இல்லை.

1968இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஆற்றுவழியில் ஆயிரம் கிலோமீட்டர் மேலே, பெனட் அணை பீஸ் ஆற்றை அடைத்தது. அணைக்குப் பின்னால் வில்லிஸ்டன் நீர்த்தேக்கம் நிரம்பிய ஆண்டுகளில் அத்தபாஸ்கா ஏரி தாழ்ந்தது. ஏரிக்கரை ஊரான ஃபோர்ட் சிப்பவையன் மக்களின் பொறிவைக்கும் தொழில் அடிபட்டது. நீரைத் தேக்க எழுபதுகளில் கற்களைக் கொட்டிக் குறுக்குத் தடுப்புகள் கட்டினார்கள். ஏரி மட்டம் ஓரளவு ஏறியது, மேட்டுக் குட்டைகளுக்கு அதனால் பயனில்லை. 1974க்குப் பிறகு பெரிய பனியடைப்பு வெள்ளம் வர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

காரணம் அணைதானா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். பனிப்பொறியியல் படித்தவர்கள் சொல்வது: மின்சாரத் தேவைக்காகக் குளிர்காலத்தில் அணை அதிக நீர் விடுகிறது. அதனால் ஆறு உயர்ந்த மட்டத்தில் உறைகிறது. அந்தப் பனி மூடியை உடைத்துக் கரை மீற முன்னைவிட அதிக நீர் வேண்டியிருக்கிறது. ஏரிப் படிவுகளைத் துளையிட்டு ஆராய்ந்த ப்ரென்ட் வுல்ஃப், ரோலண்ட் ஹால் முதலியோர், டெல்டா வறள்வது அணைக்கு முன்பே தொடங்கிவிட்டது, ராக்கி மலைப் பனி குறைவதும் வெப்பமாதலுமே முதற்காரணம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தட்பவெப்பம் வெள்ளத்தை அரிதாக்கினால், அணை அதை இன்னும் அரிதாக்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் மதகு இருக்கிறது.

2014இல் டெல்டாவின் பழங்குடிகளான மிகிசூ கிரீ மக்கள் யுனெஸ்கோவிடம் முறையிட்டார்கள். 1983லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் இது. அத்தபாஸ்கா ஆற்றின் மேல்பக்கம் ஃபோர்ட் மெக்மர்ரேயைச் சுற்றிய எண்ணெய்மணல் சுரங்கங்களும் அவர்கள் புகாரில் இருந்தன. ஆய்வுக்குழு 2016இல் வந்தது, பதினேழு பரிந்துரைகள் தந்தது. கனடா 2019இல் செயல்திட்டம் வெளியிட்டது. ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்க்கும் தகுதியை இது எட்டிவிட்டதுபோலத் தெரிகிறது என்று 2021இல் பாரம்பரியக் குழு கூறியது. இதற்கிடையே பீஸ் ஆற்றில் சைட் சி என்ற இன்னோர் அணை எழுந்து, 2024 ஆகஸ்டில் நீர் நிரப்பத் தொடங்கியது. 2023இல் காட்டுத்தீ, மே மாதக் கடைசியில் ஃபோர்ட் சிப்பவையனையும் ஆகஸ்டில் ஃபோர்ட் ஸ்மித்தையும் காலி செய்ய வைத்தது.

இப்போது பேச்சில் இருப்பது அணையிலிருந்து வேண்டுமென்றே நீர் விட்டு வெள்ளத்துக்குத் துணைபோவது. 1996 வசந்தத்தில் அப்படி நீர் விடப்பட்டது, அந்த ஆண்டு வெள்ளமும் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் இது பலிக்காது. அணைக்குக் கீழே பீஸ் ஆற்றில் சேரும் ஸ்மோக்கி ஆற்றின் படுகையில் குளிர்காலப் பனி கனமாக விழுந்திருக்க வேண்டும். அது வேகமாக உருகிப் பனிமூடியை உடைக்கும் அதே நாட்களில் அணை நீரும் வந்து சேர வேண்டும். முந்தினால் பனி உடையாது, பிந்தினால் அடைப்பு கலைந்திருக்கும். அணை மாகாண மின்வாரியத்துடையது, பூங்கா மத்திய அரசினுடையது, டெல்டாவில் வலையும் பொறியும் வைப்பவர்கள் கிரீ, டெனே, மேட்டி மக்கள். ஸ்மோக்கி படுகையில் மார்ச் மாதப் பனியளவு எவ்வளவு இருந்தால் மதகைத் திறப்பது, அதனால் இழக்கும் மின்சாரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் அவர்கள் இன்னும் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது.